கடைசி நிறுத்தத்தில் ஒரு வீடு

டிப்போவில் அவளுக்கு ‘மகாராணி’ என்று பெயர். ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் முதுகு வளையாது, சிரிப்பு வராது என்பதற்காக யாரோ வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது. பஸ் ஓட்டத் தொடங்கிய நாள் முதல் நகரத்தின் நெரிசலான வழிகள்தான் அவள் தலையில் விழுந்தன. வீடு மட்டும் என்ன வாழ்ந்தது? கடைத்தெருவில், இரும்புக் கடைக்கு நேர் மேலே மாடி. பொழுது விடியும் முன்பே கீழே தகரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அவளும் கணவரும் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே கூச்சலாகத்தான் இருக்கும். புதிதாக வரும் விருந்தாளிகள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு மெல்லச் செருப்பைத் தேடுவார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு நாள் ஊருக்கு வெளியே போகும் வழித்தடத்தில் போட்டார்கள். போகப் போக ஆட்கள் இறங்கிக்கொண்டே வந்து, கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியாகிவிடும். பெரிய மரங்கள் சூழ்ந்த ஒரு வட்டம். அங்கே எஞ்சினை அணைத்ததும் காதுக்குள் ஏதோ கதவு திறந்தது போலிருந்தது. முதல் நாள் அவள் இருக்கையை விட்டு எழவே இல்லை.

மறுநாள் இறங்கி நடந்தாள். தாழ்வான மதில்கள். கொடியில் காயும் சட்டைகள். புல்லில் சாய்ந்து கிடக்கும் ஒரு சைக்கிள். மனித நடமாட்டம் இல்லை, ஆனால் எல்லா வீட்டிலும் ஆள் இருப்பது தெரிந்தது. ஒரு ஜன்னலுக்குள் யாரோ வயலின் பழகினார்கள். ஒரே வரி, ஒரே இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து. தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது அவளுக்கு. இடைவேளை முடிந்து பஸ்ஸில் ஏறியபோதுதான் மூச்சு விட்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களைத் தேய்த்துப் பொருத்துகிறவர். “அங்க போய்க் குடியிருந்தா என்னங்க?” என்று அவள் கேட்டபோது சிரித்துவிட்டார்.

“அங்க என்ன பண்றது? உட்கார்ந்து ஈ ஓட்டணுமா?”

ஆனாலும் ஒரு விடுமுறையன்று டிக்கெட் எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸிலேயே வந்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, “என்னடி, இங்க ஒருத்தரையும் காணோம்!” என்று வழக்கமான குரலில்தான் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் வெட்கப்பட்டுப் போய், “நல்லாத்தான் இருக்கு” என்று அடங்கிய குரலில் சொன்னார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி மகளும் வளர்ந்தாயிற்று. இத்தனை காலத்தில் இந்த மனிதர் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. எவ்வளவு இதமான குரல்! இத்தனை நாள் இரும்புக் கடைக்கல்லவா தாரை வார்த்துவிட்டிருக்கிறாள். அந்த நிமிடமே மனதுக்குள் வீடு வாங்கியாகிவிட்டது. எந்த வீடு என்பதுதான் பாக்கி.

மழைக்காலம் முடியும்போது வயலின் வீட்டு மதிலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கியது. கதவைத் தட்டினாள். அங்கே வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் திறந்தார்.

“நீங்க பஸ் ஓட்டுறவங்கதானே? தினமும் இந்த வழியா நடப்பீங்களே.”

“வீடு பார்க்கலாமாங்க?”

“வாங்க. தங்கச்சி தனியா இருக்கா, அவகூடப் போய் இருக்கப் போறேன். பாருங்க, சமையலறைதான் கொஞ்சம் சின்னது. ஒருத்தர் திரும்பினா இன்னொருத்தர் வெளிய போகணும்.”

சமையலறை சின்னதுதான். ஆனால் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே ஜன்னல் இருந்தது. அதன் வழியே அடுத்த வீட்டுச் சுவரும் அதில் படர்ந்த கொடியும் தெரிந்தன. முன்னறைத் தரையில் மாணவர்கள் நின்று நின்று தேய்ந்த ஒரு வட்டம். அவள் அந்த வட்டத்தில் போய் நின்றுகொண்டாள். டீச்சர் விலையைச் சொன்னது காதில் சரியாக விழவில்லை. கணவர் வந்து பேசி முடித்தார். வங்கிக்கு அலையாய் அலைந்து, ஒரு வழியாக வீடு கைக்கு வந்தது.

குடிவந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. யாருக்கும் தூக்கம் வரவில்லை. “அமைதி காதைக் குத்துதுப்பா,” என்றாள் மகள். அக்கம்பக்கத்தார் தலையை அசைப்பார்கள், அதோடு சரி. இவர்களும் பதிலுக்குத் தலையை அசைப்பார்கள்.

ஒரு மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். துணிகளை முன்னறையில் போட்டபோது ஒரு துளிகூட விழாமல் மேகம் கலைந்து வெயில் உள்ளே வந்தது. சும்மா ஒரு நிமிடம் என்று தரையில் உட்கார்ந்தாள். காய்ந்த துணியின் சூடு. சாய்ந்தாள்.

கனவில் அவள் பஸ் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தங்களில் ஆட்கள் இல்லை. வீடுகள்தான் ஏறின. சின்ன வீடுகளுக்குப் பெரிய வீடுகள் எழுந்து இடம் கொடுத்தன. யாரும் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை.

கதவு தட்டும் சத்தம். எழுந்து போய்த் திறந்தாள். வாசலில் எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால், பஸ்ஸில் ஏறிக் காத்திருந்த பயணிகள் மொத்தப் பேரும்.

“ஏங்க, அந்த பஸ் உங்களுதுதானே?”

“ஐயோ!” என்றாள் மகாராணி. தலைமுடி அவிழ்ந்து, கன்னத்தில் துணி மடிப்பின் கோடு.

“பரவாயில்லம்மா, முகம் கழுவிட்டு வாங்க,” என்றார் ஒரு பெரியவர். “எங்களுக்கே பஸ்ஸுல கண்ணு சொக்கிடுச்சு.”

அவள் முகம் கழுவுவதற்குள் பல் டாக்டரம்மா தன் வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்துவிட்டார். நின்றபடியே குடித்துவிட்டு ஓடினாள். டிப்போவில் மேலாளர், “எங்கம்மா போயிட்ட?” என்று கேட்டபோது பொய் எதுவும் வாயில் வரவில்லை.

“வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன் சார்.”

“சரிதான், மகாராணி அந்தப்புரத்துல இருந்தாங்களாக்கும்,” என்றார் அவர். எச்சரிக்கை ஒன்றைக் கொடுத்து, அதோடு விட்டுவிட்டார்.

தெரு முழுவதும் அன்றைக்கே அவளைத் தெரிந்துகொண்டது. தலையசைத்துவிட்டுப் போனவர்கள் நின்று பேசினார்கள். அவர்களிடம் சிரித்துச் சிரித்து அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. அந்த வாரமே மூன்று பேரும் விடியும்வரை தூங்கினார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அடுத்த வருடம் வழித்தடத்தை அதற்கும் அப்பால் வந்த புதுக் குடியிருப்பு வரை நீட்டித்தார்கள். இப்போது அவள் தன் வீட்டைத் தாண்டித்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள். ஒரு நாள் கணவர் வாசலில் குனிந்து செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மகள் படியில் உட்கார்ந்து ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னலில் திரை மெல்ல அசைந்தது. யாரோ கொடுத்து வைத்தவர்களின் வீடு என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பஸ் தானாகவே வேகம் குறைந்தது.

“இங்க நிறுத்தம் இல்லையேம்மா?” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

“இல்லைதான்,” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த திருப்பத்துக்கு ஸ்டீயரிங்கை வளைத்தாள்.