அத்தானின் சுடாத கால்

“…சூடு தெரிஞ்சால் நான் என்னெண்டு ஆறுதலா நடக்கிறது, மச்சான்? சனமெல்லாம் என்ர காலைத்தானே பாக்குது.”

வேலணையில், எங்கள் கோயில் வாசல் நிழலில் நின்று இப்படிச் சொன்னவர் அத்தான், என் அக்காவின் கணவர். திருவிழா நாள், உச்சி வெயில். வெளிவீதி மணல் வறுத்துக் கொட்டிய மாதிரிக் கிடந்தது.

போன வருடம்வரை இந்தக் கவலை அவருக்கு இல்லை. சுவாமி வெளிவீதி சுற்றும்போது நாங்கள் தவளை மாதிரித் துள்ளுவோம். அத்தான் மட்டும் அதே மணலில், கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல அவசரமில்லாமல், ஆறுதலாக நடப்பார். “அம்பாள் அவற்ற காலில இருக்கிறா” என்று பெண்கள் வழிவிடுவார்கள். அவரும் மறுத்ததில்லை. பிறந்ததில் இருந்து மீன், முட்டை தொடாதவர். அம்பாளுக்கு நேர்த்தி வைத்துப் பாலையும் தயிரையும்கூட விட்டு ஆறேழு வருடம்.

ஒருநாள் அவருடைய குதிக்காலில் முள் ஏறிப் பழுத்திருந்ததை அக்கா கண்டாள்.

“இது எப்ப குத்தினது?”

“எது?” என்றார் அத்தான்.

அடுத்த பஸ்ஸில் யாழ்ப்பாணம் கூட்டிப்போனோம். இரத்தம் சோதித்த டொக்டர், உடம்பில் விற்றமின் பி12 இல்லை, அதுதான் நரம்பு விறைத்துவிட்டது, இப்படியே விட்டால் நடக்க ஏலாமல் போகும் என்றார். மெக்கோபாலமின் என்று ஒரு சிவப்புக் குளிசை எழுதினார்.

“இது சைவமோ, டொக்டர்?”

“தொழிற்சாலையில செய்யிறது, ஐயா. ஆடும் வெட்டேல்லை, மீனும் பிடிக்கேல்லை.”

திரும்பி வரும்போது அக்காதான் பேசினாள். “அம்பாள் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சவர். பால் குடியாததால வந்த வருத்தமாம்.”

தினமும் காலையில், குளிசையை விழுங்கினாரா என்று அக்கா “நாக்கைத் தூக்குங்கோ பாப்பம்” என்று சோதித்த பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணி. சில மாதத்தில் கால் கூசத் தொடங்கியது. பிறகு ஒரு மத்தியானம் முற்றத்தில் இறங்கியவர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். குசினிக்குள் அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது.

இப்போது சுவாமி வெளிக்கிட்டுவிட்டது. சனம் வழக்கம்போல அத்தானுக்கு வழிவிட்டு நின்றது.

“இண்டைக்கு எங்களோட சேர்ந்து துள்ளுங்கோ, அத்தான். ஒண்டும் குறையாது” என்றேன்.

அவர் மணலில் ஒரு காலை வைத்தார், எடுத்தார். பக்கத்தில் வாளியோடு தண்ணீர் தெளிக்க நின்றவரிடம், “சனம் பாவம் தம்பி, கால் சுடும். தாரும், நான் பாக்கிறன்” என்று வாளியை வாங்கினார். தன் காலுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊற்றி, வலு ஆறுதலாக நடக்கத் தொடங்கினார்.