மரவீட்டில் இன்னொரு நாள்

வேலை செய்யும் விடுதியில் அவளை எல்லோரும் மூணாம்மாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் அங்கே மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்யச் சேர்ந்தவள். மேலாளர்கள் மாறினார்கள், மெத்தைகள் மாறின, அவள் மட்டும் மாடி மாறவில்லை. கனத்த மெத்தையை ஒரு கையால் தூக்கி மறு கையால் விரிப்பின் ஓரத்தைச் செருகிச் செருகி வலது மணிக்கட்டு வீங்கிப்போய், எப்போதும் அதில் ஒரு பட்டை கட்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு படுக்கை காத்திருக்கும். மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து படுத்த படுக்கை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் சாலையில் கழியும். மகன் தாத்தாவோடு பிரியமாகப் பேசிக்கொண்டிருப்பான். ஆனால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க, துணி மாற்ற, இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்க அம்மாதான் வேண்டும்.

அவளுக்குச் சிநேகிதிகள் இரண்டே பேர். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னொருத்தி பேக்கரியில் கேக் செய்கிறவள். காலைப் பேருந்தில் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு போய்ப் பழகியவர்கள். அவளுக்கு ஐம்பது வயது வரப்போகிறது என்று தெரிந்ததும், ஊருக்கு வெளியே குன்றடியில் ஒரு மரவீட்டை இரண்டு நாளைக்குப் பேசி வைத்தார்கள்.

"அம்பது வயசு ஒரு தடவதான் வரும்" என்றாள் பேக்கரிக்காரி.

"நாப்பத்தொம்பதும் ஒரு தடவதான் வந்துச்சு. அப்ப யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகல."

அப்படிச் சொன்னாலும், நாத்தனாரிடம் பேசி, சனி ஞாயிறு மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். மரச்சுவர், சின்ன அடுப்பு, மூன்று கட்டில், பின்பக்கம் ஓடை. பையைக் கீழே வைத்த கையோடு அவள் ஒரு கட்டிலின் விரிப்பை உருவி மறுபடி விரிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து கையைப் பிடித்தாள்.

"இது உன் மூணாம் மாடி இல்ல. விடு."

"ஓரம் தொங்குதுடி."

"தொங்கட்டும். நீ படு."

சும்மா முதுகை நீட்டுகிறேன் என்று படுத்தவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள். ஓடைக்கரையில் நடக்கலாம் என்று எழுப்பினார்கள், அசையவில்லை. பொழுது சாய்ந்ததும் பேக்கரிக்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள். நர்ஸ் மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தி நாடி பார்த்தாள்.

"நல்லாத்தான் ஓடுது. விட்ரு."

"அப்ப கேக்கு?"

"கேக்குக்கு என்ன அவசரம்? அது எங்கயும் ஓடிறாது."

இரண்டு பேரும் பிறந்தநாளுக்கென்று தாங்களே சுவரில் ஒட்டிய வண்ணக் காகிதங்களுக்குக் கீழே உட்கார்ந்து, குசுகுசுவென்று பேசியபடி ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

அவள் கண் விழித்தபோது வெயில் கட்டிலுக்கே வந்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று பிடிபடச் சிறிது நேரமாயிற்று. பிடிபட்டதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. காலை டீயோடு கேக்கை வெட்டினாள். மேலே பூசிய கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"ஒரு வாரமா இத நெனச்சு நெனச்சு செஞ்சேன்" என்றாள் பேக்கரிக்காரி. "தூங்கறதுக்கா இவ்ளோ தூரம் வரணும்?"

"வீட்ல முடியாதே" என்றாள் அவள்.

அதற்குமேல் அவர்களால் கோபப்பட முடியவில்லை. பேக்கரிக்காரி இன்னொரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தாள்.

சாயங்காலப் பேருந்துக்கு மூட்டை கட்டினார்கள். அவள் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்று கையிலேயே இருந்தது.

"நாளைக்கும் இங்கயே இருக்கட்டுமா? எனக்கு நாளைக்கு லீவுதான்."

எதையும் வாய் திறந்து கேட்டே பழக்கமில்லாதவள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் மறுநாள் வேலை. நர்ஸ் எதுவும் கேட்காமல் மரவீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுப் பேசி முடித்தாள். மிச்ச ரொட்டியையும் கேக்கையும் மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் போனார்கள்.

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, நான் நாளைக்கு சாயங்காலம்தான் வருவேன்."

"ஏன், பஸ் இல்லையா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

"பஸ் இருக்கு. எனக்குத்தான் எந்திரிக்க முடியல."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அலுப்பு."

"அலுப்பா? இங்க ரெண்டு நாளா அப்பாவப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு கழண்டு போச்சு. ராத்திரி கண்ண மூட விடல. எனக்கும் வீடு வாசல் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

அந்தப் பக்கம் மாமனாரின் இருமல் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை முழுவதும் மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் தூங்கினாள், எழுந்து டீ போட்டுக் குடித்தாள், மறுபடி தூங்கினாள். தனியாக இருந்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், அதுவும் வரவில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. கால் கனம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் திரும்பியபோது நாத்தனார் பையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் கொடுத்துப் பேசாமல் இறங்கிப் போனாள். லாரியிலிருந்து வந்திருந்த புருஷன், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தூங்கினேன்."

அவர் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார். மறுநாள் அவள் வழக்கம்போல் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே நாத்தனார் வந்து நின்றாள், கையில் அதே பை.

"உனக்காக வரல. எங்கப்பாவுக்காக வந்தேன்" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "போய்ப் படு. மூஞ்சியப் பாரு" என்றும் சொன்னாள்.

அவள் உள்ளே போய்ப் படுத்தாள். தூக்கம் உடனே வரவில்லை. பக்கத்து அறையில் நாத்தனார் அப்பாவைப் புரட்டப் போராடிக்கொண்டிருந்தாள், கிழவர் முனகினார். முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்தால் சுலபம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.