வலதுகால் ஒன்பது

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சப்பாத்து அலமாரியின் மேல்தட்டில் ஒரே ஒரு வலதுகால் சப்பாத்து இருக்கிறது. நீல நிறம், பக்கவாட்டில் ஆரஞ்சுக் கோடு, ஓடுவதற்கென்றே செய்த வகை. அதன் ஜோடி இங்கே இல்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று என் மனைவி கேட்டாள். எதையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று எரிச்சலாகச் சொன்னேன். கொஞ்ச நாளாகவே எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக் கேட் என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்காருகிறேன், பிறகு மறுபடியும் எழுகிறேன்.

அந்தச் சப்பாத்து என் அண்ணனுடையது. அவருக்கு இரண்டு கால்களும் ஒரே அளவு கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் இடதுகாலை மட்டும் சரியாக வளரவிடாமல் செய்துவிட்டதாக அம்மா சொல்வார். இடது எட்டு, வலது ஒன்பது. அப்போது நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் திறக்கும்போது அம்மா பெரிய காலுக்கு அளவு பார்த்து ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கி, இடது முனையில் பழைய கைலித் துணியைத் திணித்துக் கொடுப்பார். அந்தத் துணிமூட்டையோடுதான் அண்ணன் பள்ளியின் நெடுந்தூர ஓட்டத்தில் ஓடுவார். பால்மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது இவர் மட்டும் ஏதோ கடைக்குப் போகிறவரைப் போல வருவார். முதலாவதாக வந்ததில்லை. முதலாவதாக வருகிறவனுக்கு இரண்டு காலும் ஒரே அளவுடா என்று காரணம் சொல்வார்.

லாரி ஓட்டிச் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் ஊதாரித்தனம், ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் போய் ஒரே மாதிரிச் சப்பாத்தில் எட்டில் ஒரு ஜோடி, ஒன்பதில் ஒரு ஜோடி வாங்கியது. இடது எட்டையும் வலது ஒன்பதையும் போட்டுக்கொண்டார். மிஞ்சிய இரண்டையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு முறையும் இப்படித்தான். எதற்கு இந்தக் குப்பை என்று அம்மா கேட்டால், "எனக்கு எதிர்க்கால்காரன் ஒருத்தன் எங்கயாச்சும் இருப்பான்லா. அவனுக்கு எடது பெருசு, வலது சின்னது. அவன் கெடைக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஆனால் தைப்பூசத்தன்று கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்கு நடுவே குந்தியிருந்து, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து அடியோடு அடி ஒட்டி அளந்து பார்த்தார். செருப்புத் திருடன் என்று நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தன் காலிரண்டையும் நீட்டிக் காட்டித்தான் அன்று தப்பித்தார். முருகனைக் கும்பிட வந்தவனை இப்படிக் கும்பிட வைத்துவிட்டார்களே என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

இப்படிச் சிரித்த மனிதர்தான் நான்கு வருடம் எங்களோடு பேசாமல் இருந்தார். அம்மா சர்க்கரை நோயில் போனார். அப்போது அம்மா ஈப்போவில் என் வீட்டில் இருந்தார், அண்ணன் ஜொகூருக்குக் காய்கறி ஏற்றிப் போயிருந்தார். தகவல் கிடைத்ததும் திரும்பினார், வழியில் ஒரு விபத்தால் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. தகனத்துக்குக் கொடுத்த நேரத்தை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். நாங்கள் அம்மாவை எடுத்துப்போன பிறகு பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். அண்ணன் வந்து சேர்ந்தபோது வாசல் முழுக்க ஈரம். சப்பாத்தைக் கேட்டுக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கொஞ்சம் காத்திருக்கக்கூடாதா என்று கேட்டிருக்கிறார். முட்டிவலி என்று தகனத்துக்கு வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த பெரியப்பா, "ஓட்டக்காரன்தானே, ஓடியாந்திருக்கலாமே" என்று சொல்லியிருக்கிறார். என் மனைவிதான் பிறகு என்னிடம் சொன்னாள். அண்ணன் வெறுங்காலோடு இறங்கி நடந்துவிட்டாராம். நான் சாம்பல் வாடையோடு திரும்பி வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் நீலச் சப்பாத்து ஜோடி மட்டும் இருந்தது, எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவருடைய போன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது. பெரியப்பாவின் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவு கிடையாது. வயதானவர் என்று பார்க்காமல் ஒருநாள் நன்றாகக் கேட்டுவிட்டேன். கேட்டு என்ன பயன், அண்ணன் வரவில்லை.

இந்த வருடம் கிளினிக்கில் எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். மருந்து வேண்டாம், ஓடுங்கள் என்றார் டாக்டர். அம்மாவைப் பார்த்தவன் என்பதால் அன்று மாலையே ஓடத் துடித்தேன். லிப்ட் பழுது பார்க்கிற என் சம்பளத்துக்குப் புதுச் சப்பாத்து கட்டுப்படியாகாது. போனில் பழைய பொருள் விற்கிற இடத்தில் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் தலை சுற்றியது. என் அளவான ஒன்பது என்று போட்டிருந்த ஒரு ஜோடியை வாங்கினேன். அது அமெரிக்க ஒன்பதாம், நம் ஊர்க் கணக்கில் எட்டு. கால்விரல் மடங்கிப்போனது. ஜப்பானிலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிற இன்னொன்றில் வெறும் இருபத்தேழு என்றிருந்தது, அது சென்டிமீட்டர். ஐரோப்பாக்காரன் நாற்பதுக்கு மேல் எண்ணுகிறான். ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டு உலகம் எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சூடு கண்ட பூனையாகி, அடுத்த முறை சப்பாத்தின் நாக்கில் இருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் கேட்டது நீலத்தில் ஆரஞ்சுக் கோடு போட்ட அதே வகை. தினமும் வாசலில் பார்ப்பதுதானே, அண்ணன் போட்டது நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். படத்தில் நம் கணக்குப்படி ஒன்பது என்று தெளிவாக இருந்தது. பணத்தை அனுப்பினேன்.

சப்பாத்து வந்தது. மண்கூடப் படாதது. இடது சரியாக ஏறியது, வலது ஏறவில்லை. எனக்கு முதலில் சப்பாத்தின் மேல் சந்தேகமே வரவில்லை, பயம் வந்தது. அம்மாவுக்கும் முதலில் வலதுகால்தான் வீங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னேன். அவள்தான் அமைதியாக வலது சப்பாத்தின் நாக்கை இழுத்துப் பார்த்து, "இது எட்டுங்க" என்றாள். போன பயம் அப்படியே கோபமாகிவிட்டது. ஏமாற்றுக்காரர்கள் என்று ஆரம்பித்து ஒரு நீண்ட செய்தியை அடித்து அனுப்பிவிட்டு, அந்த ஜோடியைத் தூக்கி அலமாரியில் வைக்கப் போனேன். மேல்தட்டில் அண்ணனுடைய பழைய ஜோடி. இடது எட்டு, வலது ஒன்பது. என் கையில் இடது ஒன்பது, வலது எட்டு. அண்ணனுடைய பெட்டிக்குள் கிடக்கவேண்டிய ஜோடி என் கைக்கு எப்படி வந்தது என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்குள் பதில் வந்திருந்தது. விற்றது ஒரு பெண். "மன்னிச்சிக்குங்க அண்ணே. என் வீட்டுக்காரரு பொட்டி நெறைய வெச்சிருக்காரு, எல்லாம் ஒம்போதுன்னு நெனச்சி ஒண்ண மட்டும் படம் எடுத்துட்டேன். கொழந்தை வரப்போகுது, வீட்டுல எடம் இல்ல. அவருக்குத் தெரியாம வித்தேன், சொல்லிடாதீங்க." தஞ்சோங் மாலிமில் இருக்கிறாளாம், கணவருக்குக் கார் தொழிற்சாலையில் வேலையாம். நான் ஏமாற்றுக்காரி என்று திட்டிய பெண் என் அண்ணியாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று அடித்தேன், அழித்தேன். ஒற்றைக்கால் சின்னதாக இருக்கிறவர் நாட்டில் ஒருவர்தானா இருப்பார்? கடைசியில் எதுவும் எழுதாமல், அண்ணனுடைய பழைய ஜோடியை நாக்கு இரண்டும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினேன். அவரிடம் இதைக் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அந்த நாட்களில் லிப்டுக்கு மேலே நின்றுகொண்டு போனைப் பார்த்து மேலாளரிடம் திட்டு வாங்கினேன். இறந்துபோனவருடைய பொருளைத்தான் அவள் விற்கிறாளோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அவருக்குத் தெரியாமல் என்று எழுதியிருந்ததை மறுபடி மறுபடி படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒற்றை வரி வந்தது. "ஞாயித்துக்கிழம காம்பாருக்கு வரச் சொல்றாரு."

காம்பார் எனக்குப் பக்கம், அவருக்குத் தூரம். ஈப்போ வரைக்கும் வர மனமில்லை, ஆனால் என்னையும் அலைய விட மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில், இரண்டு ஜோடிச் சப்பாத்தும் இருந்த பையை மேசைமேல் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கொஞ்சம் பருத்திருந்தார், முன்தலை வழுக்கை. சிலிப்பர் போட்டுக்கொண்டு வந்தார். எழுந்து நின்ற என்னைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த பையைத் திறந்து பார்த்தார்.

"சைஸ் பார்த்து வாங்க மாட்டியாடா?"

நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடைக்காரர் வந்து குடிக்க என்ன தண்ணீர் என்று கேட்டார். சீனி இல்லாத தேநீர் சொன்னேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்குமா?" என்றார். இன்னும் எல்லையில்தான் இருக்கிறது, ஓடச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "ஓடு. அம்மா மாதிரி ஆயிடாதடா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த நாளைப் பற்றிப் பேச முடிந்தது. தகன நேரத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியும்லா. ஒங்க மேல கோவம் இல்ல. பெரியப்பா வாய் எப்பவும் அப்படித்தான். ஆனா நான் வந்தப்ப வாசல் ஈரம்டா. அம்மா படுத்திருந்த எடமும் ஈரம். ஒரு தடம்கூட இல்ல. எல்லாத்தையும் கழுவிட்டாங்களேன்னு ஆயிடுச்சி. அந்த வாசல்ல மறுபடி கால வைக்க முடியலடா."

கிளம்பும்போது பழைய ஜோடியை அவரிடம் நீட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். இடதை மட்டும் எடுத்துக்கொண்டு வலதை என் பைக்குள் திரும்பப் போட்டார். "இது அங்கயே இருக்கட்டும். வந்து எடுத்துக்கிறேன்."

"எப்பண்ணே?"

"வாரேன்லா."

அதற்குப் பிறகு அண்ணி எழுதுகிறாள், குழந்தையின் படம் அனுப்புகிறாள். நான் படத்தில் முதலில் காலைத்தான் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிகிறது. அண்ணன் இன்னும் வரவில்லை. நான் தினமும் மாலையில் அந்த எதிர்க்கால் ஜோடியைப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். இடது சுகம், வலது கடி. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. சர்க்கரைக்காரன் செய்கிற வேலையா இது என்று மனைவி திட்டுகிறாள், மேல்தட்டில் இருக்கிற ஒன்பதைப் போட்டால் இரண்டும் சரியாகிவிடுமே என்கிறாள். அவள் சொல்வது சரிதான், என் வலதுகால் அதற்குள் அளவெடுத்ததுபோல் உட்காரும். இதுவரை நுழைத்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் அவள் வாசலைக் கழுவிவிடுகிறாள். கழுவி முடித்ததும் நான் பழைய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டு, கேட் வரைக்கும் துடைத்து வருகிறேன். வெயிலில் தானே காய்ந்துவிடும் என்று அவள் சொல்கிறாள். காய்வதற்குள் அண்ணன் வந்துவிட்டால்?