சாந்தகுமார் அண்ணையின் வலது முழங்கால்

இராவணன் கைலாய மலையைத் தூக்கினான் என்கிறார்கள். ஒரே ஒரு தரம். அதுவும் முழுதாக இல்லை. நசுங்கிப்போய்ப் பாட்டுப் பாடித்தான் தப்பினான். எங்கள் சாந்தகுமார் அண்ணை ஒரு நாளைக்குப் பதினாறு தரம் தூக்குகிறார். பாட்டும் பாடுவதில்லை. கொழும்பில் கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் வாழ்கிற அத்தனை சனமும் சோறு தின்பது அவருடைய இரண்டு தொடைகளின் தயவில்தான். அந்தத் தொடைகள் ஒரு கிழமை லீவு எடுத்தால் வெள்ளவத்தை முழுவதும் பேக்கரிப் பாண் தின்றே செத்துவிடும்.

அவர் முத்துலிங்கத்தாரின் கடையில் காஸ் சிலிண்டர் சுமக்கிறவர். வயது நாற்பத்து நான்கு. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு வந்து, மருதானையில் ஓர் இரும்புக் கடையில் பாரம் தூக்கி, பிறகு பத்தொன்பது வருடமாக இதே காஸ் கடை. தூக்குவதைத் தவிர வேறு வேலை தெரியாது என்று அவரே சொல்வார். கிருலப்பனையில் ஓர் அறை. மனைவி ஜீவராணி ஒரு லொட்ஜில் படுக்கை விரிப்புத் தோய்க்கிறார். மகளுக்கு என்னுடைய வயதுதான். ஆனால் அவள் படிக்கிறாள்.

நாங்கள் இருப்பது ஆறாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது. அதற்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஃப்ளாட் கமிட்டி ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: நாய், சைக்கிள், காஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது. நாயை எல்லோரும் ஏற்றுகிறார்கள். சிலிண்டர் மட்டும் படியால் போகிறது. இரும்போடு சேர்த்து இருபத்தாறு கிலோ, சாந்தகுமார் அண்ணையின் தோளில்.

போன திங்கட்கிழமை நான் நாலாம் மாடித் திருப்பத்தில் ஒளிந்திருந்து நாய் மாதிரிக் குரைத்தேன். அடிக்கடி குரைப்பேன். அவர் ஒருநாளும் திடுக்கிட்டதில்லை. அன்றும் இல்லை.

"இந்த நாய்க்கு ஊசி போட்டாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு மூன்று படி ஏறினார். நாலாவது படியில் வலது கால் மடிந்தது. வழுக்கவில்லை, தடுக்கவில்லை, மடக்குக் கதிரை மடிவதுபோல் மடிந்தது. சிலிண்டர் கோயில் மணிச் சத்தத்தோடு மூன்றாம் மாடிவரை உருண்டு, ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஸ்ரீஸ்கந்தராசாவின் கதவில் முட்டி நின்றது.

மனேஜர் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி வெளியே வந்தார். "ஐசே, இது வெடிச்சிருந்தா ஆர் பதில் சொல்லுறது?"

பதில் சொல்ல ஆளில்லாததால் கடைக்கு ஃபோன் எடுத்தார். பின்னேரமே முத்துலிங்கத்தார் சொல்லிவிட்டார்: "சாந்தன், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டொக்டரைக் கூப்பிட்டிருக்கிறன். கால் சரியெண்டா வேலையில நில். இல்லையெண்டா நான் என்ன செய்யிறது, எனக்கும் பயம் இருக்குத்தானே."

நான் குரைத்ததால்தானோ என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்று சொன்னேன்.

ஓ.எல். பரீட்சையில், விஞ்ஞானத்தில் இரண்டு தரம் விழுந்தவன் நான். மூன்றாவது தரம் விழுவதற்காக மேனுகா மிஸ்ஸின் ரியூஷனுக்குப் போகிறேன். தெறிவினைப் பாடத்தில் மட்டும் விழித்திருந்தேன், ஏனென்றால் மிஸ் அடிமட்டத்தால் தட்டிக் காட்டிய முழங்கால் என்னுடையது. தட்டிய செய்தி மூளையைக் கேட்கப் போவதில்லை. முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாணுக்குப் போகும். அங்கே இருக்கிற இயக்க நரம்புக்கலம் உடனே தசைக்கு 'உதை' என்று சொல்லிவிடும். பாரத்தைத் தூக்கு என்று மூளை அனுப்புகிற கட்டளையும் கடைசியில் அதே கலத்தின் வழியாகத்தான் தசைக்குப் போகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிய மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், தசை நல்லாக் களைச்சா அந்தக் கலத்துக்கு என்ன நடக்கும்?"

"ஆர் உன்னைக் கேக்கச் சொன்னது?" என்றார் மிஸ், பயந்துபோய். பிறகு உட்கார்ந்து விளக்கினார்.

அடுத்த நாள் எங்கள் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது. சாந்தகுமார் அண்ணை மேல்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அகப்பைக் காம்பால் அவருடைய முழங்கால்களில் தட்டிப் பார்த்தேன். இடது கால் ஒரு விரலளவு அசைந்தது. வலது கால் பேசாமல் இருந்தது.

"அண்ணை, இது காலின்ர பிழை மட்டும் இல்லை. முதுகுக்குள்ள ஸ்ட்ரைக்."

"என்னா ஸ்ட்ரைக்கு?"

"மூளை மேலயிருந்து தூக்கு, தூக்கு எண்டு கத்தும். களைச்ச தசை கீழயிருந்து ஏலாது, ஏலாது எண்டு முறைப்பாடு அனுப்பும். நடுவில நிக்கிற கலம் ரெண்டையும் கேட்டுப்போட்டு வேலையை மெல்ல மெல்லத்தான் செய்யும். அதுதான் தட்டினாலும் துள்ளுறது குறைவு."

"தோட்டத்துலயும் அப்புடித்தாங்க. சம்பளம் கூட்டலன்னா மெதுவா கொழுந்து எடுப்பாங்க. கங்காணி தொண்டை கிழியக் கத்துவாரு. கூடை நெறையாது."

"அதேதான். ஓய்வு குடுத்தா ஸ்ட்ரைக் முடிஞ்சிடும். நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே, கடை பூட்டு. நீங்கள் தண்ணி வாளியும் தூக்கக்கூடாது."

"அத ஜீவராணிகிட்ட நீங்களே சொல்லுங்க."

மிஸ் இன்னுமொன்றும் சொல்லியிருந்தார். நன்றாக ஓய்வெடுத்த பிறகும் ஒரு கால் மட்டும் துள்ளாமல் இருந்தால் அது களைப்பு இல்லை, முதுகில் நரம்பு நசிந்திருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று பின்னேரம் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு ஜீவராணி அக்காவுக்கு ஃபோன் எடுத்து, டொக்டர் பேசுகிறேன், உங்கள் கணவர் நாளைக்கு அசையவே கூடாது என்றேன்.

"சரிங்க டாக்டர் தம்பி," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, எதையும் தூக்குவதற்கு முன்பே, டொக்டர் பார்க்க முதல் நான் ஒரு தரம் தட்டிப் பார்ப்பதற்காக, சாந்தகுமார் அண்ணை எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். சவரம் செய்து, மினுக்கிய சேர்ட் போட்டிருந்தார். போயா முழுக்கப் படுத்தே கிடந்தாராம். சோற்றுக் கோப்பையைக்கூட மகள்தான் கையில் கொடுத்தாளாம். கீழே மோட்டார் சைக்கிள் விடுகிற இடத்தில் உள்ள உயரமான சீமெந்துக் கட்டின் மேல் ஏறி, சாரத்தை மடித்துக்கொண்டு, கால் இரண்டையும் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

இடது முழங்காலில் தட்டினேன். கால் துள்ளி அகப்பையையே உதைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

வலதில் தட்டினேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் கீழே தட்டினேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் கவனித்தேன்: வலது தொடை இடதைவிட மெலிந்திருந்தது. நேற்று இன்றைக்கு மெலிந்ததாகத் தெரியவில்லை.

மிஸ் சொன்ன வித்தை ஒன்று மீதியிருந்தது. "அண்ணை, கண்ணை மூடுங்கோ. ரெண்டு கை விரலையும் கொழுவி, பலமா ரெண்டு பக்கமும் இழுங்கோ. அப்ப துள்ளுறது கூடும்."

அவர் கண்ணை மூடி, நெஞ்சுக்கு முன்னால் விரல்களைக் கொழுவி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். தட்டினேன். மூன்று தரம் தட்டினேன். சாரத்தின் கரை ஆடியது, காற்றுக்கு. கால் தொங்கியபடியே தொங்கியது.

"துள்ளிச்சுது அண்ணை," என்றேன். "நல்லாத் துள்ளிச்சுது. டொக்டரை உதைச்சுப் போடாதேங்கோ."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கொழுவிய விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"தம்பி," என்றார், "கண்ணத்தானே மூடியிருக்கேன். காலு என்னோடதுங்க. எனக்குத் தெரியாம எப்புடித் துள்ளும்?"