பிடியரிசி டப்பா

நாலாம் வகுப்பு படிக்கும்போது நான் கர்த்தருடைய அரிசியைத் திருடினேன். வீட்டின் நன்மைக்காகச் செய்ததால் அதைத் திருட்டு என்று அப்போது எண்ணவில்லை.

அந்த வருஷம் விசைத்தறியில் சிக்கி அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. சங்கரன்கோவிலில் எந்தத் தறிக்கூடத்துக்கும் அதன் பிறகு அவர் தேவைப்படவில்லை. அம்மா நூல் சுற்றப் போனாள். கட்டு அவிழ்த்த பிறகும் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினார். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தையும் நிறுத்தினார். அதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடுமுன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சர்ச்சில் இருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். அந்த அரிசி ஏழை வீடுகளுக்குப் போகும். அம்மா அந்த வருஷமும் அதை விடவில்லை.

அப்பாவின் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. "ஏட்டி, ஒங்க வீட்ல ஒரு நேரந்தான் அடுப்பு எரியுது. ஆண்டவரு பசியோட இருக்காராக்கும்?"

"அவருக்குப் பசி இல்ல மதினி. நமக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிரும்" என்றாள் அம்மா.

எனக்கு அத்தை சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் டப்பா அரிசியை வீட்டு அரிசிப் பானையில் கொட்டினேன். கணக்கு நோட்டில் தாள்களைக் கிழித்துக் கசக்கி டப்பாவில் அடைத்து, மேலே ஒரு பிடி அரிசியைப் பரப்பினேன். எடை காட்டிக்கொடுத்துவிடும் என்று, மறுநாள் டப்பாவைச் சுமக்கும் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாக்கின் முன்னால் அம்மா டப்பாவை வாங்கிக் கவிழ்த்தாள். அரிசியைத் தொடர்ந்து காகித உருண்டைகள் விழுந்தன. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாதிரியாரின் மனைவி ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். ஏழாம் வாய்ப்பாடு. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விசாரணை அதோடு முடிந்தது.

"ஏழெட்டு அம்பத்தாறு மக்கா, அம்பத்தெட்டு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. காலி டப்பாவை என்னிடம் தராமல் தானே சுமந்து வந்தாள். அடித்திருக்கலாம்.

மறுநாள் மாலை பாதிரியாரின் மனைவியே ஒரு பை அரிசியோடு வந்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. பைக்குள் ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் கலந்து கிடந்தது. எத்தனையோ வீட்டுப் பிடி. எனக்கோ ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

உலை கொதித்தது. அரிசியைச் சுளகில் அளந்து கொட்டிய அம்மா, அதிலிருந்தும் ஒரு பிடி எடுக்கப் போனாள்.

"யம்மா! இது அங்கன இருந்து வந்ததுதான? திரும்ப அங்கனயேவா?"

"சும்மா கெடலே" என்றவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு சுளகையும் டப்பாவையும் அப்பாவின் பாயருகே கொண்டுபோய் வைத்தாள். "இன்னைக்கு நீங்க போடுங்க."

"எந்தக் கைய வச்சு?"

"இன்னொண்ணு இருக்குல்லா."

அப்பா சுவரை விட்டு அரிசிப் பக்கம் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். இடது கை பழகாத கை; அள்ளியதில் பாதி பாயில் சிந்தியது, மீதி டப்பாவுக்குள் விழுந்தது. உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சிந்திய அரிசிக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். பாயில் கிடந்ததை ஒரு மணி விடாமல் பொறுக்கி அவரிடம் காட்டினேன். அப்படியும் அவர் நிறுத்தவில்லை.