ஜரிகைக்காரர் மகள் படித்த நாவல்

எந்த நாவலையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பாள் ரேணுகாம்பாள். முடிவு பிடித்திருந்தால் முதல் பக்கத்துக்குப் போவாள். பிடிக்காவிட்டால், யாரோ தன்னை ஏமாற்றப் பார்த்ததுபோல் உதட்டைச் சுழித்துக்கொண்டு பள்ளி நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "கடைசியில இன்னா வச்சிக்கினு இருக்காங்கன்னு பாத்துட்டா போதும்பா. முன்னாடி பளபளன்னுதான் காட்டுவாங்க" என்பாள். பதினோராம் வகுப்புக்காரியின் இந்த விமரிசனக் கொள்கை பாடப்புத்தகத்தில் கற்றதல்ல, அப்பாவின் தொழிலில் கற்றது.

அப்பா துரைக்கண்ணு பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர். காஞ்சிபுரத்தில் ஊரே புதுப்புடவை நெய்து விற்கும்போது இவர் மட்டும் கிழிந்ததையும் நைந்ததையும் தேடிப் போவார். பிள்ளையார்பாளையத்திலிருந்து காலையில் மொபெட்டைக் கிளப்பினால் வாலாஜாபாத், கூரம் என்று சுற்றிவிட்டு மாலையில்தான் திரும்புவார். புடவை கைக்கு வந்ததும் முந்தானையைப் புரட்டி, உள்பக்கத்தில் நகத்தால் ஒரு கீறு கீறுவார். ஜரிகைக்குள்ளே சிவப்பு நூல் எட்டிப்பார்த்தால் அசல் வெள்ளி. இல்லையென்றால் "இது வேணாம்மா" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

மகளுக்கும் அந்த நகம் வாய்த்திருக்கிறது, ஆனால் கும்பிடு வாய்க்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்குத் தமிழாசிரியை ரமாமணி மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு உடுத்தி வந்தார். பிள்ளைகள் சூழ்ந்து நின்று ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருக்க, ரேணு முந்தானையை எட்டிப் பிடித்து, "மிஸ், இது டெஸ்ட் ஜரிகை மிஸ், வெள்ளியே இல்ல. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்றாள். அது மிஸ்ஸின் கணவர் கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த புடவை. அன்று சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்கு வேண்டாம். ரமாமணி அதை மறக்கவும் இல்லை, மனத்தில் வைத்துக்கொண்டு பழிதீர்க்கவும் இல்லை. நல்ல மனுஷி.

பொய் சொல்வது என்கிற சின்ன சாமர்த்தியம் ரேணுவுக்கு ஒட்டவே இல்லை. வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் வயிற்றுவலி, மின்வெட்டு, விருந்தாளி என்று ஆளுக்கொன்று எடுத்துவிடும்போது இவள் எழுந்து நின்று, "எழுதல மிஸ். டிவி பாத்துக்கினு இருந்தேன்" என்பாள். அடியும் வாங்குவாள். அடி வாங்கியபின் முதல் பெஞ்சு ஸ்ரீவல்லியிடம் திரும்பி, "உனக்கு மட்டும் எப்படிடி டெய்லி கரெக்டா கரண்ட் இருக்குது?" என்று கேட்பாள். ஸ்ரீவல்லி சின்ன காஞ்சிபுரத்துப் பெண், வகுப்பில் முதல் ரேங்க். தப்பு என்று ஒன்றைக் கண்டால் திருத்தாமல் அவளால் மூச்சுவிட முடியாது. ஒருத்தி உள்ளதைச் சொல்லியே வம்பில் மாட்டுவாள், மற்றவள் சரியானதைச் சொல்லியே வம்பு வளர்ப்பாள். இரண்டு பேரும் இணைபிரியாத தோழிகள்.

பள்ளிக்கு இன்டர்நெட் வந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில்தான் அந்த நாவலும் வந்தது. சென்னையில் உள்ள ஒரு வாசிப்புக் குழு மூன்று பள்ளிகளுக்கு ஒரே நாவலைக் கொடுத்து, படித்துவிட்டு இணையத்தில் பேசிக்கொள்ளச் சொன்னது. காஞ்சிபுரம் ஒன்று, கோயம்புத்தூர் ஒன்று, புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒன்று. கதை, இலங்கையிலிருந்து படகேறி வந்து தமிழ்நாட்டு முகாமில் தகரக் கொட்டகையில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அப்பா பெயிண்டு வேலைக்குப் போகிறார். அம்மா ஒரே அறையைச் சேலை கட்டிப் பிரித்துக் குடித்தனம் நடத்துகிறாள். ரேணு வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அடுத்த நாள் முதல் பக்கத்தில் இருந்தாள்.

கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் மனிதநேயம், மனிதநேயம் என்று எழுதித் தள்ளினார்கள். ஸ்ரீவல்லி பாத்திரப் படைப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். அப்பழுக்கில்லாத பத்தி, உப்பும் இல்லாத பத்தி. ரேணுவுக்கோ நாவலில் ஒரே ஒரு இடம்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. கைக்குழந்தைக்குப் பால் வாங்க வழியில்லாத அந்த அம்மா, கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்புடவையைத் தகரப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். கதை முடிகிறவரைக்கும் அதை எடுக்கவே இல்லை.

ஆளுக்கு இரண்டு விரலால் கீபோர்டைக் குத்தும் அந்த வகுப்பில் ரேணு குத்துவது மற்றவர்களைவிடச் சத்தமாக இருக்கும். அன்று குத்து குத்தென்று குத்தினாள். "பெட்டியில் பட்டுப்புடவையை வைத்துக்கொண்டு குழந்தையை ஏன் பட்டினி போட வேண்டும்? நல்ல ஜரிகையாக இருந்தால் யாரும் வாசலிலேயே வந்து வாங்கிக்கொள்வார்கள். இந்த அம்மாவுக்கு விவரம் போதாது. கதை எழுதியவருக்கும் போதாது." வகுப்பே கைதட்டியது. பாதிப் பேர் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள். அந்த வீடுகளில் புடவை என்பது வெளியே போவதற்காகவே உள்ளே உண்டாகிற பொருள். அதைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது அவர்களுக்கு உண்மையாகவே புரியவில்லை. "வழிமொழிகிறேன்" என்று ஸ்ரீவல்லியும் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

மறுநாள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து நிரோஜினி என்ற பெண் பதில் எழுதியிருந்தாள். "கூறை எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாது." அவ்வளவுதான். அதற்குக் கீழே அந்தப் பள்ளி ஆசிரியர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். நிரோஜினி முகாமில் வசிக்கும் மாணவி என்றும், இனிமேல் உரையாடலில் கலந்துகொள்ள விருப்பமில்லை என்று சொல்கிறாள் என்றும் அதில் இருந்தது.

கணினி அறையில் கைதட்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தான் வாழ்கிற வீட்டைப் பற்றி ஒருவர் நாவல் எழுத, அதைப் பேச ஆசையாக வந்த பெண்ணை வாயால் துரத்தியாகிவிட்டது. ரேணு அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ரமாமணி மிஸ் பதறிப்போய், "தங்கள் மனம் புண்பட்டிருப்பின் வருந்துகிறோம்" என்று தொடங்கி ஒரு மன்னிப்பு வாசகத்தைச் சொல்லி, தட்டச்சு செய்யச் சொன்னார்.

"புண்பட்டிருப்பின்னு எதுக்கு மிஸ்? அந்தப் பொண்ணு புண்பட்டுத்தான் போயிருக்குது" என்றாள் ரேணு. அவள் விரல்கள் கீபோர்டுக்கு வரவில்லை.

அன்று மாலை துரைக்கண்ணு சாப்பிட உட்கார்ந்தபோது பரிமாறியது ரேணுதான். "யப்பா, கல்யாணப் புடவையக் குடுக்கும்போது அழுவாங்களா?"

"சில பேரு அழுவாங்க."

"அப்ப நீ இன்னா பண்ணுவ?"

"நான் எதுக்கும்மா அவங்க மூஞ்சப் பாக்கறேன்? தராசப் பாத்துக்கினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டார்.

துரைக்கண்ணு கல்நெஞ்சக்காரர் இல்லை. தெருநாய்க்குக்கூட மீன்முள்ளை ஒதுக்கி வைக்கிறவர். முகத்தைப் பார்த்தால் பிழைப்பு நடக்காது என்று தெரிந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நாவலில் தானும் தராசை மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பது ரேணுவுக்குச் சுருக்கென்று தைத்தது. மோர் கிண்ணம் நிரம்பி வழிந்ததை அப்பா சொல்லித்தான் கவனித்தாள்.

மறுநாள் அவளே எழுதினாள். "நான் ரேணு. எங்க அப்பா பழைய புடவை வாங்குகிறவர். அதனால் எந்தப் புடவையைப் பார்த்தாலும் எனக்கு ஜரிகைதான் தெரியும். அதைக் கட்டியிருந்தவங்க தெரிய மாட்டாங்க. தப்பு என்மேல்தான். நீ பேசாமல் இருக்காதே. என்னைத் திட்டுவதற்காகவாவது வா." ரமாமணி மிஸ் வாசித்தார். திருத்துவதற்கு மவுஸ் பக்கம் போன கையை எடுத்துக்கொண்டு, "அப்படியே அனுப்பு" என்றார்.

பதில் வரவில்லை. மதிய உணவு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டுக் கணினி அறைக்கு ஓடுவது ரேணுவின் புதுப் பழக்கமாயிற்று. கோயம்புத்தூர் மனிதநேயம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு புக்கையே தூக்கிப் போட்டிருக்குமா?" என்று ஸ்ரீவல்லியிடம் கேட்பாள். "நீ ஒருத்தி மட்டும் எழுதலையே, நானும்தான் வழிமொழிஞ்சேன்" என்பாள் ஸ்ரீவல்லி. தைரியம் சொல்ல வந்த இடத்திலும் கணக்கைச் சரிசெய்யாமல் விடமாட்டாள். ரேணு சிரிக்கவில்லை. வகுப்பில் யாரையும் வம்புக்கு இழுக்கவும் இல்லை. பொறுக்க முடியாமல், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டவர் ரமாமணி மிஸ்.

கடைசி நாளில் மூன்று பள்ளிகளும் கேமராவில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. படம் துண்டு துண்டாக வந்தது. கோயம்புத்தூர் பேசி முடித்தது. புதுக்கோட்டைப் பள்ளி வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒல்லியாக ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தாள்.

"ரேணு ஆர்?"

ரேணு வருகைப் பதிவுக்குக் கை தூக்குவதுபோல் தூக்கினாள். "நான்தான்பா."

"எனக்கு இப்ப உங்களில கோவமில்லை" என்றாள் நிரோஜினி. "கதையில அந்த அம்மா கூறையை விக்காமல் வச்சிருக்கிறா. எங்கட அம்மா வித்துப்போட்டா. தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்த நேரம், சைக்கிள்ல ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனவர். விக்கிறது லேசு மாதிரி நீங்கள் எழுதியிருந்தீங்கள். அதுதான் கோவம் வந்தது."

ரேணுதான் கேட்டாள். "தம்பி நல்லா இருக்கானா?"

"இருக்கிறான். எட்டாம் வகுப்பு. என்ர புத்தகமெல்லாம் கிழிக்கிறான்." இரண்டு பக்கமும் சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் நிரோஜினி கேமராவுக்கு இன்னும் கிட்டே வந்தாள். "ஒண்டு கேக்கட்டோ? வாங்கிக்கொண்டு போற கூறையைப் பிறகு என்ன செய்வினம்? ஆரும் கட்டுவினமோ? உங்களுக்குத் தெரியும்தானே. அம்மா கேட்டுக்கொண்டு வரச் சொன்னவ."

என்ன செய்வார்கள் என்பது ரேணுவுக்கு நன்றாகவே தெரியும். அவள் வீட்டுப் பின்கட்டில் ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது. கரையையும் முந்தானையையும் கத்தரித்து அதில் போட்டுக் கொளுத்துவார்கள். தலைமயிர் பொசுங்குகிற நாற்றம் தெருமுனை வரைக்கும் அடிக்கும். சாம்பலைக் கழுவி உருக்கினால் வெள்ளி. கரையில்லாத மிச்சத் துணி, போன இடம் தெரியாமல் போய்விடும். இதையெல்லாம் ரேணுவே ஒருநாள் வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் இது தெரியாதவர் ஒருவரும் இல்லை. ரமாமணி மிஸ் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்தார்.

"இன்னா கலரு?" என்று கேட்டாள் ரேணு.

"அரக்கு. கரையில அன்னம் போட்டது."

"அன்னம் போட்ட கரையா?" ரேணுவின் குரலில் துரைக்கண்ணு வந்து உட்கார்ந்துகொண்டார். "அதெல்லாம் எங்க கைல நிக்கவே நிக்காதுபா. அரக்குன்னா வழியிலேயே கேட்டு வாங்கிப்பாங்க. எங்கயோ ஒரு வூட்ல யாரோ ஒரு பொண்ணு கட்டிக்கினுதான் இருக்கும். விசேஷத்துக்கு மட்டும் எடுத்துக் கட்டிக்கினு, திரும்ப மடிச்சி வச்சிடும். நல்லா இருக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

வீட்டுப்பாடத்துக்கு ஒரு வயிற்றுவலிகூடச் சொல்லத் தெரியாதவளுக்கு வார்த்தை ஒன்றுகூடத் தடுக்கவில்லை. திரையில் நிரோஜினியின் முகம் ஒரு கணம் உறைந்து நின்று, பிறகு மெல்ல மலர்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீவல்லிக்கு மூச்சு முட்டியது. "ஏய் ரேணு, நீதானே அன்னிக்கு சட்டியில..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

ரேணு கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, மேசைக்கு அடியில் காலை நகர்த்தி ஸ்ரீவல்லியின் பாதத்தின்மேல் வைத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள்.