அம்மாவின் பத்தும் அப்பாவின் பத்தும்

ஜெபமாலை சொன்னால் மனம் அமைதியாகும் என்பவர்கள் யாரும் எங்கள் வீட்டு ஜெபமாலைக்கு வந்ததில்லை. எழுபதுகளில், தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். என் பெற்றோர் போட்ட சண்டைகளிலேயே பெரிய சண்டை அங்கே முழுக்க முழுக்க முழங்காலில் நின்றபடியே நடந்தது. அதில் ஜெயித்தது யார் என்று இன்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பலன் மட்டும் எனக்குக் கிடைத்தது.

அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். சாயங்காலம் ஏழு அடித்தால் வீட்டில் எல்லாரும் மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்தாக வேண்டும். காய்ச்சல் என்றால் படுத்தபடியே பதில் சொல்லலாம், அவ்வளவுதான் சலுகை. ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு 'பத்து'. ஒவ்வொரு பத்துக்கும் தியானிக்க இயேசு, மாதா வாழ்க்கையிலிருந்து ஒரு தேவ இரகசியம், அது கிழமைக்குக் கிழமை சந்தோஷம், துக்கம், மகிமை என்று மாறும். எங்கள் வீட்டிலும் ஐந்து பேர். மாதாவே எண்ணிப் பார்த்துத்தான் எங்களைக் கொடுத்தார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். முதல் பத்து அண்ணனுக்கு. பந்து விளையாடிவிட்டு வந்த வியர்வையோடு கடகடவென்று ஓட்டிவிடுவான். இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது எனக்கு, நான்காவது தங்கைக்கு, ஐந்தாவது அப்பாவுக்கு.

என் பங்குக்குச் சந்தோஷ தேவ இரகசியங்களில் இயேசு பாலன் பிறப்பு வரும். மாட்டுக்கொட்டகை என்றதும் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவரின் கொட்டகைதான் என் கண்முன் வந்து நிற்கும். அந்தக் கொசுக்கடியில் கைக்குழந்தையோடு மாதா எப்படித் தூங்கியிருப்பார் என்று நிஜமாகவே கவலைப்படுவேன். என் தியானத்தின் லட்சணம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கவலையில் பொய் இல்லை.

பத்தைத் தொடங்கும் முன் சொல்பவர் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக என்று எதற்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். ஒருவர் கருத்தை இன்னொருவர் மறுத்துப் பேசக் கூடாது, ஏனென்றால் அது மாதாவிடம் சொன்னது. பிடிக்கிறதோ இல்லையோ, மற்றவர்கள் அதற்காக வேண்டியே தீர வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அப்பா. அதிலேயே தான் மாட்டிக்கொள்வோம் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு எனக்குக் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மாலை ஷிப்ட். அடுத்த திங்கட்கிழமை வரவேண்டும், வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"மாலை ஷிப்ட்னா எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவே?"

"பதினொண்ணுக்கு முடியும்ப்பா. அப்புறம் ஃபேரி ஏறி வரணும்."

"பொம்பளப் புள்ள அந்நேரத்துக்கு ஃபேரில வரணுமா? ஏழு மணிக்கு மூணாவது பத்து யார் சொல்லுவா? வேணாம்லா. இங்கயே ஏதாச்சும் ஆபீஸ் வேல வரும், பொறு."

அம்மாவுக்கு வந்ததே கோபம். அவள் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாடு நேரத்துக்குத் தட்டுக்கு வந்தது, சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தங்கை வழியாகப் போயிற்று. "உங்கப்பாகிட்ட சொல்லு, பேப்பர்காரன் வந்துட்டுப் போயிட்டான்." அப்பா இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் ஏழு மணிக்கு என்ன செய்வது? ஜெபமாலையில் ஒருவர் 'அருள் நிறைந்த மரியாயே வாழ்க' என்று சொன்னால் மற்றவர்கள் 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவின் பத்துக்கு அம்மா உதட்டுக்குள்ளேயே பதிலை முணுமுணுத்தாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை சந்தோஷ தேவ இரகசியம். இரண்டாவதாக, மாதா தன் உறவினரான எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப் போனது. அம்மா சுரூபத்தை நேராகப் பார்த்து ஆரம்பித்தாள்.

"மாதாவே, நீங்க சின்னப் பொண்ணா இருந்தப்போ மல ஏறி எலிசபெத்தம்மா வீட்டுக்குப் போனீங்க. ஏழு மணிக்குள்ள திரும்பி வான்னு உங்கள யாரும் சொல்லல. எங்க பொண்ணுக்கும் அந்த மாதிரி ஒரு வழிய காட்டுங்க."

அண்ணன் சிரிப்பை அடக்கி இருமினான். சட்டப்படி அப்பாவும் அந்தக் கருத்துக்காகப் பத்து முறை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. காது சிவக்கச் சொன்னார். ஐந்தாவது, காணாமற்போன பாலகனைத் தேவாலயத்தில் கண்டடைந்தது. அது அவருடைய பத்து.

"மாதாவே, பன்னெண்டு வயசுப் புள்ளையக் கூட்டத்துல தொலைச்சுட்டு மூணு நாள் அலைஞ்சு தேடுனீங்க. அந்த வேதன எந்தத் தாய் தகப்பனுக்கும் வரக்கூடாது."

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மறுநாள் துக்க தேவ இரகசியத்தில், இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதை எடுத்துக்கொண்டு அம்மா 'வீட்டுக்குள்ளயே கட்டிப்போட்ட பொம்பளப் புள்ளைங்களுக்காக' ஒப்புக்கொடுத்தாள். சிலுவை மரணத்தில் அப்பா 'சாகுற வரைக்கும் கீழ்ப்படிஞ்ச பிள்ளைங்களுக்காக' ஒப்புக்கொடுத்தார். நடுவில் நானும் தங்கையும் மழைக்காகவும் மிஷனரிமார்களுக்காகவும் வேண்டிவிட்டு வாயை மூடிக்கொண்டோம். கீழ்வீட்டில் இருந்த இந்துக் குடும்பத்து அக்கா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாம்மா, சாமி கும்புடறப்பவே சண்ட போடறீங்களாமே? ஒரு நாளைக்கு வந்து பாக்கணும்லா!"

எனக்குச் சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மறுபடி சந்தோஷ தேவ இரகசியம். அம்மாவின் பத்து வந்ததும் எல்லாரும் தயாரானோம்.  அவள் சண்டைக்குரல் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"மாதாவே, நீங்க மலநாட்டுக்குப் போயிட்டீங்க. உங்கள அனுப்பிட்டு வீட்ல இருந்தவங்க எப்படித் தவிச்சிருப்பாங்களோ. அவங்க மனசுக்காக இந்தப் பத்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் அந்தத் தேவ இரகசியத்தைச் சொல்லியிருக்கிறேன். மாதாவோடு சேர்ந்து நானும் மலைக்குப் போயிருக்கிறேன். வாசலில் நின்று வழியனுப்பிய அவருடைய தகப்பனாரை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தியானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது என்பேன்.

அப்பா அந்தப் பத்துக்கு எப்படிப் பதில் சொன்னார் என்று கவனிக்கவில்லை. தன் முறை வந்தபோது அவர் கருத்து எதுவும் சொல்லாமல் தொடங்கினார். பத்து மணிகளும் முடிந்தன. அவர் நிறுத்தவில்லை. விரல் மாலையின் பதக்கத்தைத் தாண்டி, மறுபடி அண்ணனுடைய பத்துக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மணியைச் சரியாக எண்ணுகிறவர் அவர். நாங்கள் தப்பினால் தொண்டையைச் செருமுகிறவர். அவரை யார் நிறுத்துவது? நாங்களும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மாதான் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று பத்தை முடிக்கிற ஜெபத்தைக் குறுக்கே எடுத்துக்கொடுத்தாள். அப்பா விழித்துக்கொண்டு, "ம்" என்றார். நான்கு நாளில் அம்மாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அப்பா வீட்டில் இல்லை.

அப்படி ஒன்று எங்கள் வீட்டில் நடந்ததே கிடையாது. கால்மணி நேரம் பார்த்துவிட்டு அம்மா ஆரம்பிக்கச் சொன்னாள். ஒவ்வொரு பத்து முடிந்ததும் எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணன்கூட அன்று நிதானமாகச் சொன்னான். ஐந்தாவது பத்து வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நீ சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். அப்பா பத்திரமாக வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒப்புக்கொடுத்துவிட்டுச் சொன்னேன். ஒரு ஆள் வீட்டுக்கு வராத ஏழு மணி எப்படியிருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்கிற வேலை அப்பாவுக்குத் தரப்போவது அதைத்தான்.

பிரார்த்தனை முடிந்து வெகுநேரம் கழித்து, நடுநிசிக்கு மேல்தான் வந்தார். எங்கே போனார் என்று சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கால் கழுவிவிட்டு வந்து, "அஞ்சாவது பத்து யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"நாந்தாம்ப்பா."

தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா மீன் குழம்பைச் சூடு பண்ணி வைத்தாள்.

சனிக்கிழமை மகிமை தேவ இரகசியம். திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. வேலை கைவிட்டுப் போனது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். அதைவிட ஆச்சரியம், எனக்கு அப்பாமேல் கோபம் இல்லை. அம்மாவும் தன் பத்தைச் சாதாரணமாக, உலக சமாதானத்துக்காக ஒப்புக்கொடுத்தாள். ஐந்தாவது, மாதா பரலோக பூலோக அரசியாக முடிசூட்டப்பட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

"மாதாவே, நேத்து நான் ஃபேரி ஏறி அந்தப் பக்கம் போயிப் பாத்தேன். ஃபேக்டரி பஸ் ஃபேரி ஜெட்டி வாசலுக்கே வருது. நம்ம புள்ளைங்க நெறையப் பேர் அதுல வராங்க, கும்பலாத்தான் ஃபேரி ஏறுறாங்க. இந்தப் பக்கம் ஃபேரி விட்டு எறங்குற எடத்துல நான் போயி நின்னுக்குவேன். திங்கக்கெழமைலேர்ந்து இந்த வீட்ல ஜெபமால காலைல அஞ்சு மணிக்கு. அஞ்சு பேருமா எந்திரிக்க நீங்கதான் பெலன் குடுக்கணும்."

"காலைல அஞ்சு மணியா!" என்று அண்ணன் அலறினான். கருத்தை மறுத்துப் பேசக் கூடாது என்பது அவனுக்கு அந்த நேரம் மறந்துபோயிற்று. அப்பா அவனைக் கண்டுகொள்ளாமல், "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு குரல் எழவில்லை. தங்கை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் விடியற்காலையை நினைத்து உறைந்துபோயிருந்தான். அம்மா ஒருத்திதான், தெருவுக்கே கேட்கும்படி, அப்பாவுக்குப் பதில் சொன்னாள்.